பாடாங்கில் மழை

சிங்கப்பூரின் தேசிய தின விழாவுக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகம் அணிவகுப்பு; இரண்டாவது கலைநிகழ்ச்சி. நிகழ்ச்சி நிரலிலேயே அப்படித்தான் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே மாலையில், ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தின் முன்னால், ஒன்றையடுத்து ஒன்றாக நடக்கிற இந்த இரண்டில் முதலாவதுதான் கலை, இரண்டாவது அல்ல என்பது என் அபிப்ராயம். பெயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இதை ஒரு கடிதத்தில் சொன்னதும் நண்பர் ஒருவர் — இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்தான் — ராணுவ அணிவகுப்பில் கலையைக் காண்கிறவன் அடுத்தபடியாக எங்கே போய் நிற்பான் என்பது சரித்திரத்தில் இருக்கிறது என்று பதில் எழுதினார். லெனி ரீஃபென்ஸ்டாலின் 1935-ம் வருஷத்துப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். பயம் நியாயமானது. ஆனால் நியாயமான பயங்கள்தான் கண்ணை மூடிக்கொள்வதற்கு மிகச் சௌகரியமான சாக்குகளும் ஆகின்றன. நாம் தெருக்கூத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பிரெக்ட் நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். ஓர் அரசாங்கம் வருஷா வருஷம் போடுகிற நாடகத்தைப் பற்றி மட்டும், அதைப் பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, எழுதுவதில்லை. கூட்டம் கூடுகிற இடத்தில் நமக்கு வேலையில்லை என்ற இந்தக் கௌரவம் எனக்கு வரவர அலுப்பாக இருக்கிறது.

2018 ஆகஸ்டில் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் விழா மரினா பேயின் மிதக்கும் மேடையில். நீளம் 120 மீட்டர், அகலம் 83 மீட்டர். தண்ணீரின் மேல் போட்ட மைதானம். 2007-லிருந்து பல வருஷங்கள் அங்கேதான் நடத்தினார்கள். நுழைவுச் சீட்டு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும், அதுவும் குலுக்கலில். எனவே அன்றைக்கு நான் வெளியே நின்று சத்தத்தைக் கேட்டேன். முழுசாகப் பார்த்தது மறுநாள், பதிவில். பிறகு ஊருக்கு வந்து, கிடைத்த பழைய வருஷங்களின் பதிவுகளையும் பார்த்தேன். திரையில் பார்த்தவனின் அபிப்ராயங்கள்தான் இவை. பெரும்பாலான சிங்கப்பூர்க்காரர்களும் அதைத் திரையில்தான் பார்க்கிறார்கள்.

அணிவகுப்பில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை, அதுதான் விஷயம். தரைப்படை, கடற்படை, விமானப்படை, போலீஸ் ஆகியவற்றின் மரியாதைக் காவல் அணிகள்; அவற்றுக்குப் பின்னால் தொண்டூழியர்கள், மாணவர் படைகள், தொழிற்சங்கம், கம்பெனிகள். வந்து நிற்கிறார்கள். ஜனாதிபதி வருகிறார். தேசிய கீதம். 21 குண்டுகள் முழங்குகின்றன. பெரிய ஹெலிகாப்டர் ஒன்று கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், வானத்தைக் கடந்து போகிறது. கீழே துப்பாக்கி வரிசையில் வேட்டு ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொரு ஆளாக ஓடி மறுமுனைக்குப் போய்த் திரும்புகிறது, ஒரு நீளமான துணியை யாரோ கிழிப்பதுபோல. நிற்கிறவன் முகத்தில் உணர்ச்சி இல்லை. இருக்கக்கூடாது என்பது விதி. பல மாதங்கள் சனிக்கிழமைகளை ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். 1967-லிருந்து அந்த நாட்டில் ஆண்பிள்ளைகளுக்கு ராணுவ சேவை கட்டாயம். இந்த நிர்ப்பந்தத்தை அணிவகுப்பு மறைப்பதில்லை. நிர்ப்பந்தம் நிர்ப்பந்தமாகவே தெரிகிறது. அதற்கு ஓர் உருவம் கிடைத்திருக்கிறது. அந்த உருவத்துக்குள் நிற்கிறவன் என்ன நினைக்கிறான் என்பது அவனுடைய சொந்த விஷயமாக விடப்படுகிறது. உள்ளே நினைத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு இடம் விடுகிற எந்த உருவமும் கலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் ஆணைகள். எல்லாம் மலாயில். செடியா என்றால் நேராக நில். செனாங் டிரி என்றால் தளர்ந்து நில். நிற்பவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். வீட்டில் மலாய் பேசாதவர்கள். தேசிய கீதமும் மலாயில்தான். சுமத்ராவில் பிறந்து, சிங்கப்பூரில் சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஜுபிர் சயித் 1958-ல் எழுதி இசையமைத்தது. அடுத்த வருஷம் அரசின் கீதமாயிற்று. ஒரு சிறுபான்மையின் மொழி ஒரு தேசத்தின் சடங்கு மொழியாக ஆகியிருக்கிறது. அகராதி அர்த்தம் தேய்ந்து, சப்தம் நேராக உடம்பின் அசைவாக மாறிவிடுகிறது. நம் ஊரில் மந்திரம் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

முதல் அணிவகுப்பு 1966-ல், பாடாங்கில். பாடாங் என்றால் மலாயில் திடல். நகர மண்டபத்தின் படிகளுக்கு எதிரே, வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடின புல்வெளி. எனக்கு முக்கியமானது 1968. காலையில் நடந்தது. கொட்டுகிற மழை. அணிகள் கலையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் நனைந்தபடியே நின்றார்கள், நனைந்தபடியே நடந்தார்கள். புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் நின்ற தரையில் கால்களின் நிழல் விழ, ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாடாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் படைகள் சீக்கிரத்தில் போய்விடும் என்ற அறிவிப்பு அந்த வருஷம் ஜனவரியில்தான் வந்திருந்தது. அந்த மழையை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த இயக்குநரும் ஏற்பாடு செய்யவில்லை. தற்செயல் ஒன்று உருவத்துக்குள் புகுந்தது. உருவம் அதைத் தாங்கிக்கொண்டது, தாங்கிக்கொண்டதால் அர்த்தம் பெற்றது. அதன் பிறகு நடந்த எல்லா விழாக்களும், அவற்றின் எல்லா விளக்குகளோடும், இந்த மழையைத் திரும்பப் பெய்விக்கிற முயற்சிகள் என்று தோன்றுகிறது.

இதோடு 2022-ஐ வைத்துப் பார்க்கலாம். பாரசூட்டில் குதிக்கிற ராணுவக் குழுவில் ஒருவர் தரையிறங்கும்போது பலமாக மோதிக் காயமடைந்தார். நிகழ்ச்சி தொடர்ந்தது. தொடர்ந்ததைத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1968-ல் தற்செயல் உருவத்தோடு கலந்தது. 2022-ல் உருவம் தற்செயலின் மேல் மூடிக்கொண்டது. ஐம்பத்து நாலு வருஷத்தில் நிகழ்ச்சி அவ்வளவு திறமையாகிவிட்டிருந்தது.

அணிவகுப்பின் அடியில் இருப்பது பயம். மற்ற நாடுகள் விடுதலை கிடைத்த நாளைக் கொண்டாடுகின்றன. இவர்கள் கொண்டாடுவது, 1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து பிரிந்த நாளை. சரியாகச் சொன்னால், பிரித்து அனுப்பப்பட்ட நாளை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் லீ குவான் யூ பேச்சு வராமல் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தேசத்தின் முதல் காட்சியே ஒரு மனிதனின் அழுகை என்பது விசேஷமான விஷயம். 1969-ல், கோலாலம்பூரில் மே 13-ல் கலவரம் நடந்து மூன்று மாதம் ஆவதற்குள், பாடாங்கில் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை ஓட்டிக் காட்டினார்கள். மலேசியாவிலிருந்து வந்திருந்த துன் ரசாக் மேடையில் உட்கார்ந்திருந்தார். யாருக்குக் காட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மணிமேகலையில் விழாவறை காதை இப்படித்தான் தொடங்குகிறது. இந்திரவிழாவை எடுக்காவிட்டால் நாளங்காடிப் பூதம் இடர் செய்யும் என்ற கவலையில்தான் முரசு அறைகிறார்கள். மகிழ்ச்சிக்காக அல்ல. பிறகு அரசன் மகனைத் தேடுகிற துக்கத்தில் விழாவை மறக்கிறான். கடல் புகாரைக் கொண்டுபோய்விடுகிறது. கடலோரத்து வாணிபப் பட்டினம், வருஷத்துக்கு ஒரு விழா, மறந்தால் கடல் — சீத்தலைச் சாத்தனாரை சிங்கப்பூர்ப் பாதுகாப்பு அமைச்சில் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம்.

அணிகள் வெளியேறுகின்றன. விளக்குகள் அணைந்து வேறு நிறத்தில் எரிகின்றன. கலைநிகழ்ச்சி.

2018-ல் இதன் படைப்பு இயக்குநர் பூ ஜுன்ஃபெங். இவருடைய 'அப்ரெண்டிஸ்' 2016-ல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம். சிறைச்சாலையில் வேலைக்குச் சேர்கிற ஓர் இளைஞன், பல வருஷங்களுக்கு முன்னால் தன் தகப்பனைத் தூக்கிலிட்ட அதே அலுகோசிடம் தொழில் பழகுகிற கதை. அரசாங்கம் ஒரு மனிதனைக் கொல்வது என்பது கயிற்றின் தடிமனும் உடம்பின் எடையும் சம்பந்தப்பட்ட ஒரு கைவேலை என்பதைக் குரல் உயர்த்தாமல் காட்டுகிற படம். அதில் வருகிற மௌனங்கள் சாதாரணமானவை அல்ல. அவரைக் கூப்பிட்டு தேசிய தினத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் செய்திருக்கிறார். ஸ்தாபனத்துக்கு விலைபோய்விட்டார் என்று நம் ஆட்கள் உடனே சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு கலைஞன் தன் ஊரின் மிகப் பெரிய மேடையில் ஏற ஆசைப்படுவதில் ஆபாசம் ஏதுமில்லை. அங்கே அவருக்கு எது கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. கிடைக்காதது மௌனம். கலைநிகழ்ச்சியில் ஒரு நிமிஷம்கூட ஒன்றும் நடக்காமல் இருக்க அனுமதியில்லை.

அந்த வருஷம் நிஜ மனிதர்களின் வாழ்க்கையைக் குறும்படங்களாக எடுத்து நடுநடுவே காட்டினார்கள். கஷ்டத்தில் விழுந்து எழுந்தவர்கள். ஒவ்வொருவரும் நிஜமானவர், ஒவ்வொருவர் பட்டதும் நிஜம். ஆனால் ஐந்து நிமிஷத்துக்குள் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் பாட்டு வர வேண்டும் என்ற நியதி இருக்கிறபோது, துன்பம் ஒரு டோக்கனாகிவிடுகிறது — கொடுத்தால் பதிலுக்கு உற்சாகம் கிடைக்கும். எழாதவர்களின் கதைக்கு அந்த உருவத்தில் இடம் இல்லை. உடனே கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பி, கண் கலங்கிய ஒரு முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. பார்வையாளன் இங்கே நடிகனாக்கப்படுகிறான், அவன் சம்மதத்தைக் கேட்காமல். அணிவகுப்பில் நிற்கிற சிப்பாயிடம் கேட்டது அவன் உடம்பை மட்டும்தான். கலைநிகழ்ச்சி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனின் உள்ளத்தையும் கேட்கிறது. எது அதிக நிர்ப்பந்தம் என்று என் நண்பர் யோசிக்கட்டும்.

பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1984, 1986, 1987 வருஷங்களில் வந்து இன்றைக்கும் பிள்ளைகள் பாடுகிற மூன்று ஆங்கிலப் பாட்டுகள் ஒரு விளம்பரக் கம்பெனி மூலம் தயாரானவை. எழுதியவர் ஹ்யூ ஹாரிசன் என்ற கனடாக்காரர். 2021 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. அவற்றில் ஒன்றான 'கவுண்ட் ஆன் மி, சிங்கப்பூர்' என்ற பாட்டு, ஏறக்குறைய அதே வார்த்தைகளோடு, சிங்கப்பூர் வருகிற இடத்தில் இந்தியா என்று போட்டு, நம் நாட்டில் உலவுவது தெரியவந்தது. தான்தான் முதலில் எழுதியதாக இங்கே ஒருவர் சொன்னார். பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார். சிங்கப்பூரில் பலருக்குக் கோபம். எனக்கு அதில் கோபப்பட ஒன்றும் தெரியவில்லை. இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை எந்த விமர்சகனும் எழுதியிருக்க முடியாது. பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் ஓசை இடறவில்லை, அர்த்தம் இடறவில்லை என்றால், அந்தப் பாட்டில் அந்த ஊர் எப்போதுமே இருந்ததில்லை. 1998-ல் டிக் லீ எழுதிய 'ஹோம்' கொஞ்சம் வேறு மாதிரி. அதில் 'நாம்' முழங்குவதில்லை. தனியாக இருக்கிற ஒருவன் பேசுகிறான். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும்போதும் அந்தத் தனிமை முழுக்கச் செத்துவிடுவதில்லை. அதனால்தான் அழ வைக்கிறது. என்னையும்தான்; மறைப்பானேன்.

கலைநிகழ்ச்சியின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த ஒரே காட்சி, ஒன்றுமே செய்யாத ஒரு காட்சி. 2015, ஐம்பதாவது வருஷம், மீண்டும் பாடாங். லீ குவான் யூ மார்ச் 23-ல் இறந்துபோயிருந்தார். பிரமுகர்களின் வரிசையில் அவருடைய நாற்காலியைக் காலியாக விட்டு, அவர் பெயர் கொண்ட ஆர்க்கிட் பூக்களை அதன்மேல் வைத்திருந்தார்கள். அவரைப் பற்றிய அபிப்ராயம் எதுவாகவும் இருக்கட்டும் — விசாரணையில்லாமல் ஆட்களை வருஷக்கணக்கில் உள்ளே வைத்தவர் என்பதை நான் மறக்கவில்லை — ஒரு காலி நாற்காலி அவ்வளவு பெரிய இரைச்சலின் நடுவில் படிமமாக நின்றது. யாரும் அதற்கு விளக்கம் சொல்லாதிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2018 ஆகஸ்ட் 9 சாயங்காலம் நான் வெளியே நின்ற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலியாஸ் கனெட்டி, 1960-ல் வந்த 'கூட்டமும் அதிகாரமும்' புத்தகத்தில், ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு கூட்டக் குறியீடு உண்டு என்கிறார். ஆங்கிலேயனுக்குக் கடல், ஜெர்மானியனுக்கு நடக்கிற காடு, டச்சுக்காரனுக்கு அணை. சிங்கப்பூருக்கு எது என்று எஸ்பிளனேடு பக்கம் நின்றுகொண்டு யோசித்தேன். வரிசை. வங்கிக் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் வரிசைகளைப் பற்றி எனக்குச் சில அபிப்ராயங்கள் உண்டு. நம் ஊர் வரிசை ஒரு சண்டையின் தற்காலிக ஓய்வு. அங்கே வரிசை என்பது நம்பிக்கை. நின்றால் கிடைக்கும் என்று அனுபவத்தில் கண்டவர்களின் நம்பிக்கை. நம்முடைய எந்த விழாவிலும் நான் காணாத ஒன்று அது, கேலி செய்யத் தோன்றவில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே வரிசையில் இல்லை. என் பக்கத்தில் நின்றவர்களில் பலர் வேலைக்கு வந்தவர்கள், நம் ஆட்களும் வங்காளதேசத்துக்காரர்களும். அன்றைக்கு விடுமுறை. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, டிக்கெட் கெடைக்கலியா?" என்றான்.

"எனக்குக் குடுக்க மாட்டாங்க தம்பி. நான் சும்மா பாக்க வந்தவன்."

"எங்களுக்கும்தாண்ணே. நான் வந்து ஏழு வருஷம் ஆச்சு. எங்க நின்னா வேட்டு நல்லாத் தெரியும்னு தெரியும், இப்பிடி வாங்க."

கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். நல்ல இடம்தான். எதிரே தெரிந்த கட்டடங்களில் ஒன்றைக் காட்டி, அதில் பதினெட்டு மாதம் வேலை பார்த்ததாகச் சொன்னான். வாணவேடிக்கை தொடங்கியதும் போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டு, வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டான். படம் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. "சத்தமாவது கேக்குதாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் கழித்து, 2020-ல், அந்த ஊரில் கொரோனா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்கள் என்று படித்தபோது அவன் ஞாபகம்தான் வந்தது. அந்த வருஷம் பாடாங்கில் காலையில் பார்வையாளர் கூட்டம் இல்லாமல், ஆட்களைக் குறைத்து, தள்ளித் தள்ளி நிற்க வைத்து அணிவகுப்பு நடத்தினார்கள். 1968-க்கு அடுத்தபடியாக நான் பார்த்தவற்றில் அதுதான் உண்மையாக இருந்தது.

இப்போது உறுதிமொழி. அணிவகுப்பும் கலைநிகழ்ச்சியும் சேர்ந்தும் செய்ய முடியாத ஒன்றை ஒரு வாக்கியம் செய்கிறது. அரங்கம் முழுக்க எழுந்து வலது கை முஷ்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொல்கிறது. நம் பத்திரிகைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டிய காரணம், இதை எழுதியவர் ஒரு சிறுகதை எழுத்தாளர். எஸ். ராஜரத்தினம் 1915-ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், மலாயாவில் வளர்ந்தவர். லண்டனில் படிக்கப் போய் 1940-களில் ஆங்கிலத்தில் கதைகள் எழுதிப் பிரசுரித்தவர். பத்திரிகைக்காரரானார், அரசியலுக்குப் போனார், சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சரானார். கதைகளை இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள். 1966-ல் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு பள்ளி நாளிலும் லட்சக்கணக்கான பிள்ளைகள் சொல்கிறார்கள். தமிழனாகப் பிறந்த எந்த எழுத்தாளனுக்கும் இவ்வளவு வாசகர்கள் இருந்ததில்லை. அந்த வாக்கியம் தமிழில் எழுதப்படவில்லை.

அவருடைய முதல் வடிவமும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு நாட்டின் சரித்திரம் தெரிகிறது. அவர் எழுதியபோது, இனம் மொழி மதம் ஆகியவற்றின் வேற்றுமைகளை மறந்து ஒரே மக்களாக ஆவோம் என்று இருந்தது. இன்று சொல்லப்படும் வடிவத்தில் 'மறந்து' இல்லை. அவற்றைப் பொருட்படுத்தாமல் என்று ஆகியிருக்கிறது. 'ஆவோம்' என்பதும் போய், ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட மக்கள் பேசுகிற தொனி வந்திருக்கிறது. மறப்பது என்பது உள்ளே நடக்கிற வேலை; பொருட்படுத்தாமல் இருப்பது நிர்வாகம். நல்ல நிர்வாகம் — அது இல்லாத நாடுகளின் கதி நமக்குத் தெரியும், ராஜரத்தினம் பிறந்த தீவின் கதியைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு எழுத்தாளன் தேர்ந்தெடுத்த வினைச்சொல் போய், ஒரு நிர்வாகி ஏற்கக்கூடிய சொல் வந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது கடைசிப் பகுதி. அவர், ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்வதன் மூலம் மகிழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் தேடுவோம் என்று முடித்திருந்தார். உதவி செய்துகொள்வது வெட்டப்பட்டது. மகிழ்ச்சிக்கும் முன்னேற்றத்துக்கும் நடுவில் செழிப்பு என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டது. வரவு ஒன்று, பற்று ஒன்று. கணக்கு நேராகிவிட்டது என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள்.

2009 ஆகஸ்டில் நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் நாடாளுமன்றத்தில் இந்த வாக்கியத்தின் கொள்கைகளில் உள்ள பற்றுறுதியை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது எண்பத்தைந்து வயதான லீ குவான் யூ எழுந்து, அது ஒரு லட்சிய ஆசை, நடப்பு அல்ல என்கிற ரீதியில் பதில் சொன்னார். அரசியல்வாதியின் பதிலாக இது விவாதத்துக்குரியது. இலக்கிய விமர்சனமாகப் பார்த்தால், முதல் வடிவத்தில் இருந்த 'ஆவோம்' என்ற எதிர்காலத்தை அவர் நாற்பத்து மூன்று வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, தமிழ். கலைநிகழ்ச்சியில் நான்கு மொழிகள். ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக, அளந்து வைத்த பங்குகளாக வருகின்றன. தமிழ் வரும்போது பட்டுப் பாவாடை வரும், தவில் வரும், கைமுத்திரை வரும். 1960-களில் எஸ். ஜேசுதாசன் இயற்றிய 'முன்னேறு வாலிபா' பாட்டை சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் பள்ளியில் கற்றுக்கொண்டு பாடுகிறார்கள். நம் நாட்டிலேயே தமிழ் தெரியாத பிள்ளைகள் ஒரு தமிழ்ப் பாட்டை இப்படிப் பாடுவது அபூர்வம். அக்கா மகள் தொடக்கநிலை ஐந்தில் படித்தாள். அந்த வகுப்புப் பிள்ளைகளை முன்னோட்டக் காட்சிகளுக்கு அழைத்துப்போகிறார்கள். அவளுடைய சீனச் சிநேகிதி அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாள், உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. 'வாலிபா' என்றால் என்ன என்று அவள் கேட்டதில்லை. அக்கா மகளும் கேட்டதில்லை. வீட்டில் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். ஆணை மொழியான மலாயைப் பற்றி மேலே நான் சொன்ன மரியாதையான விஷயங்களை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே சப்தம் அசைவாகிறது. இங்கே சப்தம் ஒரு புள்ளிவிவரமாகிறது: நாலில் ஒன்று, கொடுத்தாயிற்று. நான்கு மொழிகளும் மேடையில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. எல்லாம் பார்வையாளரைப் பார்த்து நிற்கின்றன.

பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு, அது இந்த விழாவில் இல்லை. குவோ பாவ் குன்னின் 'மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்', 1988. நான் படித்துத்தான் இருக்கிறேன், மேடையில் பார்த்ததில்லை. பூனையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒரு சீனக் கிழவி. அவளுக்கு ஹொக்கியென் மட்டும் தெரியும். பெற்ற பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் போய்விட்டார்கள். அவளோடு பேச அவர்களுக்கு மொழியில்லை. வழியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறாள். அவரும் தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது தமிழ். இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. கையால், முகத்தால், திரும்பத் திரும்பச் சொல்லி, பூனையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். இதை எழுதியவரை அரசாங்கம் 1976-லிருந்து 1980 வரை விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருந்தது. குடியுரிமையைப் பறித்து 1992-ல்தான் திருப்பித் தந்தது. நடுவில் கலைக்கான உயரிய விருதும் கொடுத்தது. அவருக்கு எதிராகவோ ஆதரவாகவோ வைக்க வேண்டிய ஆதாரமாக இதைச் சொல்லவில்லை. மேடையில் ஒரு சீனக் கிழவியும் ஒரு தமிழ்க் கிழவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் போய்விட்டு வரவேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த நாடகத்தை நம்மில் யாராவது தமிழில் செய்யலாம். ஹொக்கியெனை என்ன செய்வது என்ற பிரச்னை இருக்கிறது. அதை அப்படியே வைத்து, தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து நடிக்க வைப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளின் ஆங்கிலத்தையும் தொட வேண்டாம், நம் வீடுகளிலும் அதே ஆங்கிலம்தான். கிழவரின் பேச்சு ஏற்கெனவே தமிழில் இருக்கிறது.